அம்பத்தாறு சதவீதம்

ஊத்தியாச்சு. பன்னெண்டு ட்யூபுக்கும் ஆசிட் ஊத்தியாச்சு, இனி அரைமணி நேரத்துக்கு எனக்கு இங்க ஒரு வேலையும் கிடையாது, சும்மா நிக்கணும், அவ்வளவுதான். முதப் பத்து நிமிசம் தொடக்கூடாது, அப்புறம் ஒவ்வொண்ணா குலுக்கி இருபது நிமிசம் தண்ணித் தொட்டியில வைக்கணும், அதுக்கப்புறம் மெசின்ல வச்சு நிறம் எவ்வளவு அடர்த்தின்னு படிக்கணும். மணி ரெண்டே கால். மூணுக்குள்ள நம்பர் கைக்கு வந்துரும், மூணரைக்கு விசாரணைக் கமிட்டி, நேரம் தாராளமா இருக்கு. ட்யூப் அடியில விரல வச்சுப் பாக்கேன், தீயா சுடுது, இருந்தாலும் எடுக்காம இன்னொரு நொடி வச்சிருக்கேன், எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியல. உள்ள இருக்கது கடல்பாசியில இருந்து எடுத்த பசை. காஞ்சா வெள்ளைப் பொடி, தண்ணியில போட்டா கொழகொழன்னு நிக்கும், பாலிசாக்கரைடுன்னு புத்தகத்துல பேரு, ஒண்ணுமில்ல, சர்க்கரைய சர்க்கரையோட கோத்துக் கோத்து முடிவே இல்லாமப் போற ஒரு சங்கிலி. ஆசிட் போயி அந்தச் சங்கிலிய அறுக்கும், அறுந்து விழுந்த சர்க்கரையக் கருக்கும், கருகுனதுல ஃபீனால் ஒட்டி ஆரஞ்சா ஒரு நிறம் வரும். சர்க்கரை எவ்வளவோ நிறமும் அவ்வளவு. இதுல பொய் சொல்ல இடமே கிடையாது, ஆசிட்டுக்கு யாரையும் தெரியாது, யாரு கைடு யாரு சீனியர்னு தெரியாது. மனுசங்கதான் பொய் சொல்லுவாங்க. எனக்கு முன்னாடி இதே லேப்ல இருந்த சீனியர் பிரிசில்லா சொன்னா. இதே பாசி, இதே கடற்கரை, இதே முறை, அறுபத்தெட்டு சதவீதம் சர்க்கரைன்னு தீசிஸ்ல அச்சடிச்சு பைண்டு பண்ணி வச்சிருக்கா. நான் அஞ்சு தடவ செஞ்சேன். அஞ்சு தடவையும் அம்பத்தாறு. இது ஆறாவது.

எங்க ரெண்டு பேருக்கும் கைடு பாக்கியநாதன் சார், அவரு மொதல்ல என்ன சொன்னாரு, "இசக்கி, ஒன் கையில ஏதோ கோளாறு இருக்கும்மா, பிரிசில்லா கையில எடுத்தா அது ஒரு கணக்கு"ன்னாரு. ரெண்டாவது தடவைக்கும் கைதான். மூணாவது தடவைக்கும் கைதான். என் கைய வெட்டி அவ கைய ஒட்ட வச்சிருவாரு போல. பிரிசில்லா பைபெட்ட பிடிச்சா ஒரு சொட்டு சிந்தாதாம், பிரிசில்லா எழுதுன நோட்ட கண்ணுல ஒத்திக்கலாமாம், பிரிசில்லா ஏழு வருசமா இந்த லேப்ல சத்தம் போட்டுப் பேசுனதே கிடையாதாம். நான் வந்து ஒண்ணே கால் வருசம் ஆகுது, நான் பேசாத நாள் கிடையாது. நான் சேர்ந்தப்போ அவ போற கட்டம், தீசிஸ் குடுத்துட்டா, ரெண்டு வாரம் எனக்கு எல்லாம் காட்டிக் குடுக்கணும்னு சார் சொன்னாரு. என்ன காட்டுனா? சோதனைக்குழாய் கழுவுறது. ரெண்டு வாரமும் ட்யூப் கழுவுனேன். "குரோமிக் ஆசிட்ல ஊறப்போடு, பைப் தண்ணியில பத்து தடவ, வடிச்ச தண்ணியில மூணு தடவ. பஞ்ச வச்சுத் துடைச்சிராத, பஞ்சும் சர்க்கரைச் சங்கிலிதான், ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் நிறத்துல வந்து நிக்கும்." மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, எனக்குக் காது கேக்காத மாதிரி. எம்மெஸ்ஸி ஃபர்ஸ்ட் கிளாஸ்ல முடிச்சவகிட்ட. ஒரு நாள் கேட்டுட்டேன், "மத்ததெல்லாம் எப்ப அக்கா சொல்லித் தருவீங்க, பாத்திரம் கழுவ எங்கம்மாவே சொல்லித் தந்துட்டா"ன்னு. அப்புறம், "எல்லாம் நோட்டுல எழுதியிருக்கேன், படிச்சுக்கோ"ன்னா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல, நானும் பேசல. யாரு விட்டா. எனக்கு ஒருத்தி பேசலேன்னா சோறு இறங்காதா என்ன.

நோட்டு. நோட்ட நான் நல்லாவே படிச்சேன், மூணு பாகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன், கமிட்டிக்குக் குடுத்த கடுதாசியோட பின்னாடி பின் அடிச்சிருக்கேன். மூணு விசயம் எழுதியிருக்கேன் அந்தக் கடுதாசியில, மூணும் குண்டூசி மாதிரி குத்தும். ஒண்ணு, சர்க்கரை மட்டும் இல்ல, எல்லாமே அவளுக்குக் கூட. சல்பேட்டு அவளுக்கு இருபத்தொண்ணு, எனக்குப் பதினேழு. புரதம் அவளுக்கு நாலு, எனக்கு மூணு சொச்சம். உப்புச் சாம்பல் அவளுக்கு ஏழு, எனக்கு ஆறு. என் நம்பர் ஒவ்வொண்ணையும் ஒண்ணு புள்ளி ரெண்டால பெருக்குனா அவ நம்பர் வந்து நிக்கும். வேற வேற நாளு, வேற வேற சோதனை, ஒண்ணுல நிறம் பாக்கோம், ஒண்ணுல கலங்கலப் பாக்கோம், ஒண்ணுல எரிச்சு மிச்சத்த நிறுக்கோம், எல்லாத்துலயும் வித்தியாசம் ஒரே அளவா இருக்குமா? இருக்காது. உக்காந்து பெருக்குனா மட்டுந்தான் இருக்கும். நூறு வரணும்லா, கூட்டுத்தொகை நூறு வந்தாத்தான் தீசிஸ் அழகா இருக்கும், அதுக்காகப் பெருக்கியிருக்கா. என்னுது கூட்டுனா எண்பத்திரெண்டுதான் வருது. "மிச்சம் பதினெட்டு எங்கம்மா?"ன்னு சார் கேட்டாரு, "பிரிசில்லா அக்காகிட்டக் கேளுங்க சார், போகையில எடுத்துட்டுப் போயிருப்பாங்க"ன்னேன். ரெண்டாவது, ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்திருக்கா. லீவு நாளு, ஒரு ஈ காக்கா கிடையாது, வாட்ச்மேன் பதிவேட்டுல ஒத்தையா அவ கையெழுத்து, காலையில ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும், காய வைக்கிற ஆவனப் போட்டதா ஆவன் நோட்டுலயும் இருக்கு, ஆனா அன்னைக்கு எந்தச் சோதனையும் அவ நோட்டுல கிடையாது. யாருமில்லாத நேரம் வந்து என்ன செஞ்சா? மூணாவது, ஒரே சோதனைய மூணு தடவ செஞ்சா மூணு நம்பரும் கொஞ்சமாச்சும் முன்னப்பின்ன வரணும். அவளுக்கு அறுபத்தெட்டு புள்ளி ஒண்ணு, அறுபத்தெட்டு, அறுபத்தேழு புள்ளி எட்டு. மனுசி கையில அப்படி வராது. எழுதுனாத்தான் வரும்.

பத்து நிமிசம் ஆச்சு. குலுக்கணும். ட்யூப் வாயப் பிடிச்சு மணிக்கட்ட மட்டும் ஆட்டணும், முழங்கை ஆடக்கூடாது, இதுவும் அவ சொன்னதுதான், சீ, இவ இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாதா. நிறம் கீழ இருந்து சுருள் சுருளா எழும்பி வருது. எனக்கு இது பிடிக்கும், யாருகிட்டயும் சொன்னதில்ல, பன்னெண்டு ட்யூபும் வரிசையா, வெறும் தண்ணி வெள்ளையா, அடுத்தது லேசா மஞ்சள், அடுத்தது இன்னும் கொஞ்சம், கடைசியில கட்டஞ்சாயா நிறம். நான் செஞ்சது, என் கையால செஞ்சது. பயமாவும் இருக்கு. பயம் வந்தா எனக்குக் கோவம் வந்துரும், சின்னதுல இருந்தே அப்படித்தான், எங்கம்மா சொல்லுவா, "இவளுக்குப் பேயக் காட்டுனா பேய அடிக்கப் போவா"ன்னு. என்ன பயம்? இன்னைக்கு ஆறாவது தடவ வேற நம்பர் வந்துட்டா? வராது. அம்பத்தாறுதான் வரும், எனக்குத் தெரியும், நிறத்தப் பாத்தே சொல்லிருவேன். அப்ப எதுக்குப் பயம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை கருத்தரங்கத்துல பிரிசில்லா வந்து பேசுனா, வைவாவுக்கு, அதான் வாய்மொழித் தேர்வுக்கு, முன்னாடி ஒரு தடவ டிபார்ட்மென்ட்ல பேசிக் காட்டணும், அது வழக்கம். முப்பது பேரு இருக்காங்க. நான் எந்திரிச்சேன். "அக்கா, ஒரு சந்தேகம். எல்லாத்தையும் ஒண்ணு புள்ளி ரெண்டால பெருக்கியிருக்கீங்களே, நேரா ரெண்டாலயே பெருக்கியிருக்கலாம்லா, ஊரே அசந்திருக்கும்." சிரிப்பு. எல்லாரும் சிரிச்சாங்க, எம்மெஸ்ஸி பிள்ளைங்க எல்லாம். பிரிசில்லா முகம் அப்படியே நின்னுட்டு. வெளக்கு அணைஞ்ச மாதிரின்னு சொல்ல மாட்டேன், எரிஞ்சுக்கிட்டே நின்ன மாதிரி. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. நான் அதுக்குப் பதில் சொன்னேன். மறுபடியும் சிரிப்பு. என்ன கேட்டா? சரி, அத விடு. திங்கக்கிழமை கடுதாசி குடுத்தேன், வைவா நின்னுட்டு. டிசம்பர் ஒண்ணாந் தேதி அவ ஒரு பெண்கள் காலேஜ்ல வேலைக்குச் சேரணுமாம், வைவா முடிஞ்ச சான்றிதழ் இல்லேன்னா அந்த இடத்த அடுத்தவளுக்குக் குடுத்துருவாங்களாம், முப்பத்திமூணு வயசுல மொத வேலை. எனக்கு என்ன. பெருக்குறப்போ யோசிச்சிருக்கணும்.

பன்னெண்டையும் தண்ணித் தொட்டியில இறக்கியாச்சு. இருபது நிமிசம். வெளிய மழை இன்னும் விடல, நாலு நாளா ஒரே மாதிரி, ஜன்னல் கம்பியில கைய வச்சா பிசுபிசுங்குது. பெஞ்சுல அட்டைப்பெட்டி ஒண்ணு இருக்கு, காலையில ஸ்டோர்ல இருந்து வந்தது, வருசத்துக்கு ஒரு தடவ கேட்டத அனுப்புவாங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குது, பிரிச்சுப் பாக்கேன். வடிதாள், ரப்பர் குழாய், ஒரு கிலோ சிலிக்கா ஜெல் ரெண்டு பாட்டில். எடை ரூம்ல கனமான கண்ணாடிக் குடுவை இருக்கும்லா, டெசிக்கேட்டர், அதுக்குள்ள அடியில இந்தச் சிலிக்கா மணிய கொட்டி வச்சிருப்போம், மேல தட்டுல நம்ம பொடி இருக்கும், ஈரம் படாம காய. பாட்டிலத் தூக்கிப் பாக்கேன், நீலம். கருநீலம். பாத்தியா, ஒரு சாமான் ஒழுங்கா வாங்கத் தெரியுதா இவங்களுக்கு, நம்ம உபயோகிக்கிறது ரோஸு, வாங்கி அனுப்பியிருக்கது நீலம், கேட்டா "ரெண்டும் ஒண்ணுதாம்மா"ம்பாரு அந்த ஸ்டோர்காரரு. பொன்சுதா உள்ள வாறா, பக்கத்து மைக்ரோபயாலஜி லேப், அளவுக்குடுவை கடன் கேட்டு வருவா, திருப்பித் தரவே மாட்டா. "ஏட்டி இசக்கி, நூறு மில்லி சிலிண்டர் ஒண்ணு தாட்டி." "போன மாசம் கொண்டு போனது எங்க?" "அது செத்துப் போச்சு." "அடக்கம் பண்ணிட்டியா? என்னையக் கூப்பிடவே இல்ல. இந்தா, இதப் பாரு, ஸ்டோர்காரரு நீலத்த அனுப்பியிருக்காரு, திருப்பி அனுப்பணும், நம்ம மணி ரோஸு." பொன்சுதா பாட்டில வாங்கிப் பாத்துட்டு என்னையப் பாக்கா. "ரோஸா? ரோஸ்னு தனியா ஒண்ணு கிடையாதுட்டி. நீலந்தான். ஈரத்தக் குடிச்சிட்டா ரோஸாயிரும். அப்புறம் ஆவன்ல வச்சு வறுத்தா திரும்ப நீலமாயிரும். ஏன், ஒங்க லேப்ல யாரும் வறுக்க மாட்டிங்களா?" "பிரிசில்லா அக்கா இருந்தப்போ எங்க மணியையும் சேத்து வாங்கிட்டுப் போயி வறுத்துத் தருவாங்க, சனிக்கிழமை சனிக்கிழமை. இப்ப நாந்தான் வேல மெனக்கெட்டு நிக்கேன். சிலிண்டரு?" எடுத்துக் குடுத்தேன். அவ போயிட்டா.

சனிக்கிழமை. இரு. இரு, ஒவ்வொண்ணா வருவோம். எடை ரூம்ல மணி ரோஸா இருக்கு. எப்ப இருந்து? நான் பாத்த நாள்ல இருந்து. நான் எப்ப பாத்தேன்? அவ போயி மூணு மாசம் கழிச்சுத்தான் அந்த ரூமுக்குள்ள காலே வச்சேன், அதுவரைக்கும் ட்யூபும் புத்தகமும்தான். நான் பாத்தப்பவே ரோஸு, அழகா இருக்கேன்னு ஃபோட்டோகூட எடுத்தேன், பஞ்சு மிட்டாய் கலர்னு. ஒரு வருசமா அது தண்ணி குடிச்சு நெறஞ்ச மணி. அதுக்கு மேல இருக்க பொடி எப்படிக் காயும்? காயாது. ஆனா நான் சரிபாத்தேனே, முறைப்படிதான் செஞ்சேன், எடை மாறாம நிக்கிற வரைக்கும் வைக்கணும்னு போட்டிருக்கு, மூணு நாள் தொடர்ந்து நிறுத்தேன், ஒரு மில்லிகிராம் மாறல. மாறாது. எப்படி மாறும், குடிக்க வேண்டியதையெல்லாம் குடிச்சு முடிச்சு வயிறு நெறஞ்சு உக்காந்திருக்கு, இனி ஏறவும் எடமில்ல, எறங்கவும் வழியில்ல. நூறு மில்லிகிராம் பொடின்னு நிறுத்தேன். அதுல எண்பத்திரெண்டுதான் பொடி. மிச்சம் பதினெட்டு தண்ணி. சர்க்கரையும் கொறையும், சல்பேட்டும் கொறையும், புரதமும் சாம்பலும் கொறையும், எல்லாம் ஒரே அளவா கொறையும், எந்தச் சோதனை செஞ்சாலும் ஒரே அளவா. ஏன்னா சோதனையில தப்பில்ல. அதுக்கு முன்னாடி, தராசுல. நூற எண்பத்திரெண்டால வகுத்தா ஒண்ணு புள்ளி ரெண்டு. நான் எதையோ கண்டுபிடிச்சேன்னு கடுதாசியில அடிக்கோடு போட்டு எழுதுனேனே, அந்த ஒண்ணு புள்ளி ரெண்டு, அது அவ பெருக்குனது இல்ல, நான் கெடுத்தது. ஆறு தடவ நிதானமா, ஒரு சொட்டு சிந்தாம, ஒரே தப்ப. எங்கம்மா இருபது வருசமா உப்பளத்துல உப்புச்சட்டி சொமக்கா. கார்த்திகை பொறந்தா வீட்டுக்கு வந்து கழுத்தத் தேச்சுக்கிட்டே சொல்லுவா, "இன்னைக்குச் சட்டி கனக்குதுட்டி, காத்துல இருக்க ஈரத்தப் பூரா உப்பு குடிச்சிட்டு"ன்னு. எத்தன தடவ கேட்டிருப்பேன். அதக் கேட்டுக் கேட்டு வளந்தவதான் இங்க வந்து மழையில நனைஞ்ச பொடிய நிறுத்து வச்சுக்கிட்டு இன்னொருத்திய திருடின்னு எழுதியிருக்கேன். இப்ப ஞாபகம் வருது, கருத்தரங்கத்துல அவ கேட்டது. "பொடிய நீ எப்படி நிறுத்த?" அவ்வளவுதான் கேட்டா. ஒரே கேள்வி, சரியான கேள்வி, அதுக்கு நின்னு பதில் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன்? "தராசுலதான் அக்கா, உங்கள மாதிரி மனக்கணக்குல இல்ல." முப்பது பேரு சிரிப்பு. மூணு நம்பரும் ஒட்டி ஒட்டி வந்ததுக்கு என்ன காரணம், அதுக்கும் காரணம் ஒண்ணும் பெருசா இல்ல, அவளுக்குக் கை சுத்தம், அப்படித்தான் வரும்.

மணி ரெண்டே முக்கால். தண்ணித் தொட்டி களகளன்னு ஓடுது, ட்யூபெல்லாம் நிறம் ஏறி நிக்கு. யாருக்கும் தெரியாது. பொன்சுதாவுக்குக்கூடத் தெரியாது, அவ சிலிண்டரோட போயிட்டா. இப்ப நான் இத எடுத்து மெசின்ல வச்சா அம்பத்தாறு வரும், அதுவும் பொய்யில்ல, மெசின் காட்டுனதத்தான் காட்டும், தாள எடுத்துக்கிட்டுப் போயி கமிட்டி மேசையில வச்சா போதும், நான் ஒரு வார்த்தை பொய் பேச வேண்டாம். அப்புறமா ஒரு நாள் மணிய வறுத்துட்டு, "சார், இப்ப வேற மாதிரி வருது"ன்னு மெதுவாச் சொல்லிக்கலாம். அதுக்குள்ள அவளுக்கு வேல போயிருக்கும். இன்னொரு வேல கெடைக்காதா, நல்லா செய்யிறவளுக்குக் கெடைக்கும். இப்படியெல்லாம் யோசிக்கிறது யாரு, நானா? ஊருல எவன் தப்பு பண்ணாலும் சட்டையப் பிடிக்கிறவ நானா? இன்னும் உறுதியில்லையே, பொடியில ஈரம் பதினெட்டுன்னு நான் பாக்கலையே, மனசாலதான் கணக்குப் போட்டேன். பாக்கணும்னா நூத்தஞ்சு டிகிரி ஆவன்ல வைக்கணும், நாளைக்குக் காலையிலதான் தெரியும், கமிட்டி இன்னும் முக்கா மணி நேரத்துல. சாட்சி இல்லாமப் போயி என்னன்னு சொல்ல? நேத்து வரைக்கும் சாட்சியோட பேசுனவ இன்னைக்கு ஒரு நினைப்ப மட்டும் வச்சுக்கிட்டு எப்படிப் பேச? அதெல்லாம் சாக்கு. எனக்குத் தெரியும். எடை ரூமுக்குப் போறேன், ஒரு கிண்ணத்துல பொடிய எடுக்கேன், நிறுக்கேன், நம்பர் நிக்க மாட்டேங்குது, மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கேன், நிக்குது, எழுதுதேன், ஆவனுக்குள்ள வச்சுக் கதவ மூடுதேன். திரும்ப வந்து ட்யூப எடுத்து ஒவ்வொண்ணா மெசின்ல வச்சுப் படிக்கேன். அம்பத்தாறு புள்ளி ஒண்ணு. அம்பத்தாறு. அம்பத்தஞ்சு புள்ளி எட்டு. என்னுதும் ஒட்டி ஒட்டித்தான் வந்திருக்கு.

மாடியில கமிட்டி ரூம் வாசல்ல பெஞ்சு. பிரிசில்லா உக்காந்திருக்கா, மடியில ஃபைலு, குடையில இருந்து தண்ணி சொட்டித் தரையில ஓடுது. என்னையப் பாத்ததும் பார்வைய ஃபைலுக்குத் திருப்பிக்கிட்டா. நான் முன்னாடி போயி நின்னேன். "அக்கா." நிமிரல. "அக்கா, மணி ரோஸாத்தான் இருந்துச்சு. நான் பாத்த நாள்ல இருந்து. ரோஸுதான் அதோட நிறம்னு நெனச்சிட்டேன்." இப்பத்தான் நிமிந்தா. கண்ணுல தண்ணி நின்னுச்சு, விழல. "மணிய வாராவாரம் வறுக்கணும்னு நோட்டோட மொதப் பக்கத்துல எழுதியிருந்தேன்." "நம்பர் இருந்த பக்கத்த மட்டுந்தான் அக்கா பாத்தேன்." "ம்." "அக்கா, நான் வந்து..." "இங்க ஒண்ணும் சொல்லாத இசக்கி." கொரல் ஒசரல, அதே மெதுவான கொரல். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது. நீ முப்பது பேரு முன்னாடி சொன்ன. போ, உள்ள போயிச் சொல்லு." ஃபைலத் திறந்து வச்சுக்கிட்டா, படிக்கல, சும்மா திறந்து வச்சிருந்தா.

உள்ள அஞ்சு பேரு. கன்வீனர் மேடம் நடுவுல, ஓரத்துல பாக்கியநாதன் சார், முகத்தப் பாக்க முடியல, ரெண்டு வாரத்துல பத்து வயசு கூடுன மாதிரி இருக்காரு. "வாங்க இசக்கியம்மாள். ரீடிங் வந்துச்சா?" "வந்துச்சு மேடம். அம்பத்தாறு." சார் கண்ண மூடிட்டாரு. "ஆனா அது தப்பு மேடம். பொடியில தண்ணி இருக்கு. நான் தண்ணியோட சேத்து நிறுத்துட்டேன், ஆறு தடவையும்." சொன்னேன், மணி ரோஸா இருந்தது, ஒரு வருசமா யாரும் வறுக்காதது, சனிக்கிழமை அவங்க எதுக்கு வந்தாங்கன்னு, ஒண்ணு புள்ளி ரெண்டு எங்க இருந்து வந்துச்சுன்னு, எல்லாத்தையும் சொன்னேன். ஒருத்தரு லேசா சிரிச்சாரு. நல்லது, சிரிக்கட்டும். "இதுக்கு ஆதாரம்?"ன்னாங்க மேடம். "ஆவன்ல வச்சிட்டு வந்திருக்கேன், நாளைக்குக் காலையில தெரியும்." "அப்ப முடிவ அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைப்போம், அடுத்த மாசம் பத்தாந் தேதி..." "தள்ளி வைக்கக்கூடாது மேடம்." எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. "நாளைக்கு வரப்போறது என் நம்பரு. அவங்க நம்பர் மேல யாருக்கும் சந்தேகம் கிடையாது, சந்தேகப்பட்டது நான் ஒருத்தி, எனக்கு இப்ப இல்ல. அப்புறம் எதுக்கு நிறுத்தி வைக்கணும்?" மேடம் சாரப் பாத்தாங்க, சார் தலைய மட்டும் ஆட்டுனாரு. "சரி. புகார் வாபஸ் பெறப்பட்டதுன்னு எழுதிரலாம். உங்களுக்கும் பிரச்சனை இல்லாமப் போயிரும்." "வாபஸ்னு எழுதாதீங்க மேடம்." "ஏன்மா?" "வாபஸ்னு எழுதுனா நாளைக்குப் படிக்கிறவங்க, என்னமோ இருந்துச்சு, பேசி முடிச்சிட்டாங்கன்னு நெனப்பாங்க. புகார் தப்புன்னு எழுதுங்க." "அப்படி எழுதுனா உங்க மேல நடவடிக்கை வரும். மாசாமாசம் வர்ற ஃபெலோஷிப் பணத்தக்கூட நிறுத்தலாம். தெரியும்லா?" தெரியும். இந்த நிமிசம் வரைக்கும் தெரியாது, இப்பத் தெரியும். அம்மாவோட கழுத்து ஞாபகம் வந்துச்சு. "தெரியும் மேடம். எழுதுங்க." மேடம் பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சாங்க, நாலு வரி, மெதுவா, நடுவுல ஒரு தடவ நிறுத்தி என் ரோல் நம்பரக் கேட்டாங்க, சொன்னேன். எழுதி முடிச்சுத் தாள என் பக்கம் திருப்புனாங்க. "கையெழுத்துப் போடுங்க." நான் பேனாவத் தொடல.

"மொதல்ல வாசிங்க மேடம். சத்தமா வாசிங்க. கதவு தெறந்துதான் இருக்கு."